நவமணியின் வலது ஷூ

கருக்கம்பாளையத்து நவமணியின் வலது பாதம் கொதிக்கத் தொடங்கியது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஊருக்குத் தெற்கே கொறங்காட்டு ரேஸ் தடத்தில், யார் வேண்டுமானாலும் சொந்தக் காரைக் கொண்டுவந்து ஓட்டிப் பார்க்கலாம் என்று கேட்டைத் திறந்துவிட்டிருந்த நாளில்தான் என்பதில் ஊருக்குள் இரண்டு கருத்து கிடையாது. ஏன் கொதித்தது என்பதில்தான் ஆளுக்கொரு பேச்சு. பச்சை மிளகாய் அதிகம் தின்கிறாள் என்றார்கள், அவள் வீட்டுக்கு அடியில் அந்தக் காலத்தில் சுண்ணாம்புக் காளவாய் இருந்தது என்றார்கள், ஜாதகத்தில் செவ்வாய் காலில் இறங்கிவிட்டது என்றார்கள்.

நவமணி டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவள். கல்யாணமாகி வந்த கொஞ்ச காலத்திலேயே தொடங்கியது. அன்றிலிருந்து அவளுடைய இடம் காரில் இடது பக்கத்து சீட்டுதான். அந்தப் பக்கத்தில் பிரேக் உண்டு, கிளட்ச் உண்டு, ஆக்சிலேட்டர் கிடையாது. எருமை குறுக்கே வந்தபோதும், தண்ணீர் லாரி முட்டுகிற மாதிரி வந்தபோதும், கல்யாண ஊர்வலத்துக்குள் காரை விடப் பார்த்தவர்கள் கையை விட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டபோதும் ஊரில் எல்லோருடைய தப்பையும் நிறுத்தியது அவளுடைய வலது கால்தான். அன்றைக்கு ஷெரின்பானு கூப்பிட்டாளே என்றுதான் போனாள். ஷெரின்பானு ஸ்கூல் பை தைக்கிற பட்டறை வைத்திருப்பவள், நவமணியிடம் கார் பழகியவள், பழகி முடித்த பிறகும் விடாமல் சிநேகமாக ஒட்டிக்கொண்டவள். டிரைவிங் ஸ்கூல் போர்டைக் கழற்றி வைத்துவிட்டு, பழைய சிவப்பு மாருதியில் நவமணி வலது பக்கம் ஏறி உட்கார்ந்தாள். இடது பக்கத்தில் யாரும் இல்லை. எதிரே நேர்த்தடம், ஒரு மாடு இல்லை, ஒரு வேகத்தடை இல்லை. அவள் ஆக்சிலேட்டரைத் தரையோடு தரையாக மிதித்தாள். சுற்றி வந்து நிறுத்தி இறங்கும்போது இடது செருப்பு வந்தது, வலது செருப்பு வரவில்லை. அது உருகி வெல்லப்பாகு மாதிரி பெடலில் அப்பியிருந்தது.

அங்கே காரையும் ஆளையும் சோதித்து உள்ளே விடுகிற ஜெயசீலன் ஒரு ஸ்க்ரூ டிரைவரோடு வந்து குனிந்து அதைச் சுரண்டி எடுத்தார்.

"இதுக்குத்தாம்மா செருப்புப் போட்டு ஓட்டக்கூடாதுன்னு சொல்றது" என்றார்.

வீட்டுக்கு வந்து அவள் உள்ளே நடந்த இடத்திலெல்லாம் மொசைக் தரையில் வலது பாதம் மட்டும் பழுப்பாக விழுந்தது. கிரைண்டருக்குக் கல் கொத்துகிற அவள் புருஷன் மயில்சாமி சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், அந்தத் தடங்களை வாசலிலிருந்து அடுப்படி வரைக்கும் பார்த்தார்.

"தொடச்சாப் போகுமா அம்மிணி?"

"போகாதுங்க மாமா."

"அப்ப உடு" என்று சொல்லிவிட்டு மோர் ஊற்றிக்கொண்டார்.

வலி என்று எதுவும் இல்லை. தொட்டவர்களுக்குத்தான் சுட்டது, அவளுக்குச் சுடவில்லை. டாக்டர் வைத்த தெர்மாமீட்டர் பட்டென்று தெறித்ததும் அவர் களிம்பு எழுதிக் கொடுத்தார், களிம்பு காலில் பட்டதும் பொரிந்து நல்ல மணமாகப் போய்விட்டது. மழைக்காலம் வந்தபோது தெருவில் உள்ளவர்கள் காயாத பள்ளிச் சீருடையைக் கொண்டுவந்து, "அக்கா, ஒரு நிமிசம் மேல நில்லுங்க" என்று அவள் காலடியில் விரித்தார்கள். மூலைவீட்டுத் தையல்காரர் ஜாக்கெட் மடிப்பை அவள் குதிகாலில் வைத்துத் தேய்த்துக்கொண்டு போனார், கரண்ட் இல்லாத காலையில் பக்கத்து வீட்டுப் பெண் அப்பளம் சுட்டாள், சளி பிடித்த குழந்தைக்கு வெற்றிலையைச் சூடு காட்டி நெஞ்சில் ஒற்றினார்கள், வெயிலில் இளகிய தார் ரோட்டில் அவள் நடந்து போன தடத்தை வைத்து "நவமணி கால் இடப்பக்கம் திரும்புதில்ல, அங்கதான் ரேஷன் கடை" என்று வெளியூர்க்காரர்களுக்கு வழி சொன்னார்கள். டிரைவிங் ஸ்கூல் காரின் இடது பக்கத்து பிரேக்குக்கு மயில்சாமி ஒரு சப்பட்டைக் கருங்கல்லைக் கொத்தி மாட்டிக் கொடுத்தார். ஒரு ஊர் ஒரு அதிசயத்தைப் பழகிக்கொள்ள இதைவிட என்ன வேண்டும்? கொஞ்ச நாளில் யாரும் அதைப் பற்றிப் பேசுவதுகூட இல்லை.

பேச வைத்தவள் நவமணிதான். தை மாதக் கடைசியில் கொறங்காட்டுத் தடத்தில் பெண்களுக்கென்று ஒரு பந்தயம் அறிவித்தார்கள். தொழிலாக ரேஸ் ஓட்டுகிறவர்களுக்கு இடமில்லை, வீடு, கடை, ஆபீஸ் என்று இருக்கிறவர்கள் சொந்தக் காரோடு வரலாம். நவமணி முதல் ஆளாகப் போய்ப் பேர் கொடுத்தாள்.

ஜெயசீலன் அவளை பெஞ்சில் உட்காரவைத்து விஷயத்தைச் சொன்னார். "ஹெல்மெட் நாங்க குடுப்போம். ஷூ நீங்கதாம்மா பாத்துக்கணும். கணுக்காலை மூடணும். தீப்பிடிச்சா எறங்கி ஓடி வர்ற வரைக்குமாவது தாங்கணும். அதுக்காகத் தடிமனா வாங்கிடாதீங்க, அடிப்பாகம் மெலிசா இருந்தாத்தான் பெடல் என்ன சொல்லுதுன்னு காலுக்குக் கேக்கும். குதிகால் உருண்டையா இருக்கணும், தரையில ஊனிக்கிட்டு இங்கயும் அங்கயும் திருப்பணுமில்ல? பக்கவாட்டுல பிதுங்கக் கூடாது, ஒண்ணை மிதிச்சா ரெண்டு மிதிபடும். கயிறு தொங்கக் கூடாது. எல்லாத்துக்கும் மேல, காலைக் கடிக்கக் கூடாது. கடிக்கிற ஷூவைப் போட்டவங்க ரோட்டைப் பாக்க மாட்டாங்க, காலைத்தான் நெனச்சுக்கிட்டிருப்பாங்க."

"என்ற காலு சுடுமுங்க" என்றாள் நவமணி.

"தெரியும். காலு சுடக் கூடாதுன்னு ரூல்ல இல்ல. ஷூ இருக்கணும்னு இருக்கு."

அன்றிலிருந்து அவள் ஷூ தேட ஆரம்பித்தாள். கேன்வாஸ் ஷூ கடைக்குள்ளேயே புகைந்தது, கடைக்காரர் தண்ணீர்க் குடத்தோடு ஓடி வந்தார். மாட்டுத்தோல் ஷூ முதலில் கெட்டியாக நின்று, பிறகு கல்யாண வீட்டு அப்பளம் மாதிரி சுருண்டது. வயலுக்குப் போடுகிற ரப்பர் பூட்ஸ் உருகி நீண்டு தெருமுனை வரைக்கும் பின்னால் வந்தது. இரும்பு உருக்குகிற பட்டறையில் போடுகிற கனத்த பூட்ஸ் ஒன்றை ஷெரின்பானு வாங்கி வந்தாள். அது எரியவில்லை, ஆனால் அதைப் போட்டுக்கொண்டு காரில் ஏறினால் கால் எங்கே இருக்கிறது, பெடல் எங்கே இருக்கிறது என்பதே தெரியவில்லை. பிரேக்கை மிதித்தால் ஆக்சிலேட்டரும் சேர்ந்து அமுங்கியது. வீட்டு கேட்டை இடித்துத் தள்ளிவிட்டு நவமணி அதைக் கழற்றி எறிந்தாள். கடைசியில் ஷெரின்பானு சென்னைக்குச் சொல்லியனுப்பி, ரேஸ்காரர்களே போடுகிற நிஜமான ஷூ ஒரு ஜோடி வரவழைத்தாள். மெலிசான அடி, உருண்ட குதிகால், கையில் எடுத்தால் ஒரு பூனைக்குட்டியின் கனம். போட்டுக்கொண்டதும் நவமணிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அவ்வளவு இதமாகக் காலைப் பிடித்தது. தடத்தில் பாதிச் சுற்று கூடப் போகவில்லை, ஷூவின் வாய்ப் பக்கத்திலிருந்து புகை வந்தது.

ஜெயசீலன் அந்த ஷூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மேலே ஒரு கறைகூட இல்லை. உள்ளே இருந்த மெத்தென்ற துணி மொத்தமும் சாம்பல்.

"நெருப்பு வெளியிலருந்து வரும்னு நெனச்சுச் செஞ்சது இது. வெளித்தோலுக்குத்தான் தீப்பிடிக்காத மருந்து போட்டிருக்கு" என்றார். "உள்ளருந்து வர்ற நெருப்புக்கு யாரும் அளவெடுக்கலம்மா."

இத்தனை ஷூ எரிந்த செய்தி ஊரெல்லாம் பரவியது. கோயில் கமிட்டித் தலைவரான தேங்காய் மண்டி ரத்தினசபாபதி நான்கு பேரைச் சேர்த்துக்கொண்டு அவள் வீட்டுக்கு வந்தார். வாசலிலேயே எல்லோரும் செருப்பைக் கழற்றினார்கள். எப்போதும் கூப்பிடுகிற மாதிரி அவளைக் கூப்பிடாமல் கையைக் கூப்பினார்கள்.

"தாயே, இத்தன செருப்பு எரிஞ்சும் இன்னுமா தெரியல? காலு வேண்டாங்குது. அது சாமி காலு. சாமி எங்கயாச்சும் ஷூ போடுமா? பஸ் ஸ்டாண்டுக்கு எதுத்தாப்ல பீடம் கட்டறோம். அனலடி அம்மன்னு பேரு வெச்சாச்சு. நீங்க வந்து சும்மா ஒக்காந்தாப் போதும், மத்ததெல்லாம் நாங்க பாத்துக்கறோம்."

"எனக்கு ஷூதானுங்க வேணும்" என்றாள் நவமணி.

அவர்கள் சிரித்தபடி எழுந்து போனார்கள். போகிற வழியில் கருக்கம்பாளையத்திலும் பக்கத்து ஊர்களிலும் இருந்த அத்தனை செருப்புக் கடையிலும் ஏறி இறங்கினார்கள். மறுநாளிலிருந்து எந்தக் கடையும் அவளுக்கு ஷூவுக்குள் போடுகிற ஒரு இன்சோல்கூடத் தரவில்லை. "அம்மன் காலுக்குச் செருப்பு வித்த பாவம் எங்களுக்கு எதுக்குங்க" என்று கடைக்காரர்கள் கும்பிட்டு அனுப்பினார்கள். சீருடை காய வைக்க வந்துகொண்டிருந்த பெண்கள் இப்போது தேங்காய் பழத்தோடு வந்தார்கள். காலை நீட்டச் சொல்லி மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள், அது சுர்ரென்று ஆவியாகிப் போக, அந்த ஆவியை அள்ளிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். கார் பழக வந்தவர்கள் அம்மனோடு ஒரே சீட்டு வரிசையில் உட்காரப் பயந்து நின்றுவிட்டார்கள். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே பீடம் இடுப்பளவு எழும்பிவிட்டது. தெருவில் அவள் நடந்தால் ஆட்கள் விலகி நின்றார்கள், அக்கா என்று கூப்பிட ஒரு வாய் இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

மயில்சாமி ஒருநாள் சோற்றைப் பிசைந்தபடி தலையைத் தூக்காமலே சொன்னார். "வெள்ளிக்கிழம மட்டும் போய் ஒக்காந்துட்டு வந்தா வம்பில்லாமப் போயிரும் அம்மிணி. சும்மா ஒக்காரத்தான சொல்றாங்க?"

"ஒக்காந்தேதானுங்க மாமா இருந்தேன் இத்தன வருசமும்" என்றாள் அவள். "எல்லாரும் ஓட்டறதப் பாத்துக்கிட்டு, பக்கத்துல ஒக்காந்தேதான் இருந்தேன்."

மயில்சாமி தட்டைத் தள்ளி வைத்தார். கையைக் கழுவிக்கொண்டு வெளியே போனார். திரும்பி வந்தபோது சிவப்பு மாருதியின் நான்கு சக்கரத்தையும் கழற்றிப் பார்த்து மாட்ட ஒரு ஸ்பேனர் அவர் கையில் இருந்தது.

நவமணி பேசிக்கொண்டிருக்க ஆளில்லாமல் ஷெரின்பானுவின் பட்டறைக்குப் போனாள். அங்கே பை தைத்துக்கொண்டிருந்தார்கள். ஸ்கூல் பையை எப்போதும் உட்புறம் வெளியே தெரிகிற மாதிரி வைத்துத்தான் தைப்பார்கள். தையல் எல்லாம் வெளியே துருத்திக்கொண்டு, நூல் தொங்க, பார்க்கச் சகிக்காத ஒரு சாக்கு மாதிரி இருக்கும். தைத்து முடித்ததும் ஷெரின்பானு வாய் வழியாகக் கையை விட்டு அடியைப் பிடித்து ஒரு இழுப்பு இழுப்பாள், உள்ளே இருந்தது வெளியேயும் வெளியே இருந்தது உள்ளேயும் போய் நல்ல பையாக மேஜையில் விழும். நவமணி ஒரு பையைப் பார்த்தாள். அடுத்த பையையும் பார்த்தாள். மூன்றாவது பையை ஷெரின்பானு திருப்புவதற்குள் எழுந்து நின்றுவிட்டாள்.

"பானு, அந்த ஷூவைத் திருப்ப முடியுமா?"

ஷெரின்பானுவின் கை பைக்குள்ளேயே நின்றது. "எந்த ஷூவைக்கா?"

"மெட்ராஸ் ஷூவ. மருந்து போட்ட தோலு உள்ள வரட்டும். துணி வெளிய போகட்டும்."

ஷெரின்பானு போனை எடுத்து இன்னொரு ஜோடிக்குச் சொன்னாள், திருப்பினால் உள்ளே இடம் குறையும் என்று ஒரு நம்பர் பெரிதாக. ஷூ வந்ததும் அடியைப் பிரித்தாள், மேல்பாகத்தைத் திருப்பினாள், எரிந்த ஷூவின் தோலில் ஒரு துண்டை அடியில் விரித்து, ஜன்னலைச் சாத்திக்கொண்டு கனத்த ஊசி போட்ட மெஷினில் அடியைத் திரும்ப வைத்துத் தைத்தாள். துருத்தின தையல்களைச் சீவிவிட்டாள். மூன்று ஊசி உடைந்தது. வெளியே பஞ்சுத் துணியும் தையல் கோடுகளுமாக, ஆட்டின் வயிற்றை வெளியே எடுத்துக் காலில் மாட்டின மாதிரி இருந்தது அந்த வலது ஷூ. நவமணி அதைப் போட்டுக்கொண்டு பட்டறையின் சிமெண்ட் தரையில் நடந்தாள். உட்கார்ந்தாள். குதிகாலை ஊன்றி விரலை இடமும் வலமும் திருப்பினாள். புகை வரவில்லை. இரண்டு பேரும் பட்டறையில் உட்கார்ந்து டீ குடித்துவிட்டு மறுபடியும் பார்த்தார்கள், அப்போதும் வரவில்லை. ஷூவுக்கு வெளியே கையை வைத்தால் வெறும் ஷூவாக இருந்தது.

"கடிக்குதாக்கா?"

"சுண்டு வெரல் பக்கம் ஒரு முடிச்சு இருக்கு."

ஷெரின்பானு கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு மண்டியிட்டாள்.

பந்தயத்தன்று பங்குனி வெயில் தீயாக இருந்தது. ஜெயசீலன் ஷூவைக் கையில் வாங்கி, கணுக்காலை அளந்தார், அடியை வளைத்தார், தொங்குகிற நூல் இருக்கிறதா என்று விரலால் தடவினார். "ரூல்ல எந்தப் பக்கம் வெளிய இருக்கணும்னு எழுதல" என்று சொல்லிக் காருக்கு ஸ்டிக்கர் ஒட்டினார்.

கார்கள் தடத்துக்குள் போகிற வழியில்தான் ஊர்க்காரர்கள் நின்றார்கள். மூன்று வேன் நிறையக் கருக்கம்பாளையம் வந்து இறங்கியிருந்தது, பம்பையும் உடுக்கையும், மஞ்சள் தண்ணீர்க் குடமும், மாலையும் தாம்பாளமுமாக. ரத்தினசபாபதி நடுவில் நின்றார். அம்மன் எதிரே நிற்பதால் எல்லோரும் செருப்பை வேனிலேயே விட்டுவிட்டு வெறுங்காலோடு அந்தத் தார்த்தரையில் வரிசையாக நின்றார்கள்.

"ஏனுங்க மயில்சாமி, நீங்களாச்சும் சொல்லக்கூடாதா? அம்மன் கோயில்ல இருக்க வேண்டியவங்க" என்றார் ரத்தினசபாபதி.

ஸ்பேனரோடு நின்றிருந்த மயில்சாமி, வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு கூட்டத்துக்கு முன்னால் வாயைத் திறந்தார். "கோயில்ல இருக்கறது அம்மனுங்க. இது என்ற பொண்டாட்டி."

நவமணி காரிலிருந்து இறங்கினாள். பம்பைச் சத்தம் உச்சத்துக்குப் போனது. அவள் அவர்கள் முகத்தைப் பார்க்காமல் காலைப் பார்த்தாள். வரிசை முழுக்கக் கால்கள் மாறி மாறி எழும்பிக்கொண்டிருந்தன. வலதைத் தூக்கி இடதை வைப்பார்கள், இடதைத் தூக்கி வலதை வைப்பார்கள், பக்தியில் ஆடுகிறார்கள் என்றுதான் தூரத்தில் இருந்தவர்கள் நினைத்தார்கள்.

"சுடுதுங்களா?" என்று கேட்டாள்.

கால்கள் இன்னும் வேகமாக மாறின.

"உங்களத்தானுங்க கேக்கறேன். காலு சுடுதா இல்லையா?"

"சுடுதுக்கா" என்றாள் அப்பளம் சுட வரும் பக்கத்து வீட்டுப் பெண். எத்தனையோ நாள் கழித்து அவளிடமிருந்து வந்தது அந்த அக்கா.

"சுட்டா என்ன பண்ணுவோம்? செருப்புப் போடுவோம். நானும் அதத்தான் பண்ணியிருக்கறேன். உங்களுக்கு ஒரு காலு, எனக்கு ஒரு காலா? போயி எல்லாரும் செருப்பப் போட்டுக்கிட்டு வந்து ஓரமா நின்னு பாருங்க. நான் போகோணும்."

பக்கத்து வீட்டுப் பெண் முதலில் வேனுக்கு ஓடினாள். பிறகு தையல்காரர். பிறகு பம்பைக்காரர்கள், பம்பையைக் கீழே வைக்காமலே. வரிசை கரைந்து கரைந்து கடைசியில் ரத்தினசபாபதி மட்டும் மாலையோடு நின்றார். வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இரண்டு காலையும் ஒரே நேரத்தில் தூக்க வழி தேடினார். அவர் மனைவி பாவாத்தாள், கூட்டத்தில் அதுவரை குரல் காட்டாத அம்மாள், வேனிலிருந்து அவருடைய செருப்பை எடுத்து வந்து அவர் முன்னால் போட்டாள்.

"போட்டுக்கிட்டுத் தள்ளி வாங்க. வெந்துராதீங்க" என்றாள்.

நவமணி கடைசி வரிசையிலிருந்து கிளம்பினாள். முன்னால் போகிற எந்தக் காரைப் பார்த்தாலும் அதை ஓட்டுகிறவள் அடுத்து என்ன தப்பு செய்வாள் என்பது அவளுக்கு முன்கூட்டியே தெரிந்தது, வருஷக்கணக்காக அதைத்தானே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருத்தி திருப்பத்துக்கு முன்னாலேயே பயந்து காலை எடுப்பாள் என்று தெரிந்து அவளைத் தாண்டினாள். இன்னொருத்தி கண்ணாடியையே பார்த்துக்கொண்டு அகலமாகப் போவாள் என்று தெரிந்து உள்பக்கமாக நுழைந்தாள். மெலிசான அடி வழியாகக் கார் தன் நடுக்கத்தையெல்லாம் அவள் காலுக்குச் சொன்னது, சக்கரம் மணலைத் தொட்டால் தொட்டது என்றது, இன்னும் மிதிக்கலாம் என்றால் மிதிக்கலாம் என்றது. அவளும் மிதித்தாள். கால் சுட்டது, ஷூ பிடித்தது, கார் பறந்தது. கடைசிச் சுற்றில் திருப்பூரிலிருந்து வந்த ஒரு பல் டாக்டர் மட்டும் அவளுக்கு முன்னால் இருந்தாள், தப்பே செய்யாத ஒரு பெண். அவளைத் தாண்ட முடியவில்லை. நவமணி இரண்டாவதாக வந்தாள்.

மேடையில் கோப்பையைக் கொடுத்துவிட்டு மைக் பிடித்திருந்தவர் குரலை உயர்த்தினார். "அந்த அதிசயப் பாதத்தை இப்போ எல்லாரும் பாக்கப் போறோம்! அம்மா, ஷூவக் கழட்டுங்க!" வெளியூர்க் கூட்டம் மொத்தமும் போனை மேலே தூக்கியது.

"கழட்ட மாட்டனுங்க" என்றாள் நவமணி, மைக்கை வாங்கி. "பாக்கோணும்னா அடுத்த பந்தயத்துக்கு வந்து வண்டியப் பாருங்க." மைக்கை அவர் கையில் கொடுத்துவிட்டு இறங்கினாள். படியில் பல் டாக்டரிடம் நின்று, இரண்டாவது திருப்பத்தில் எந்த கியரில் போனீர்கள் என்று விசாரித்தாள்.

பீடம் இடுப்பளவிலேயே நின்றது. பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் அதில் மூட்டையை இறக்கி வைக்கப் பழகினார்கள். செருப்புக் கடைகள் பழையபடி வியாபாரம் செய்தன. கார் பழக ஆட்கள் வந்தார்கள்.

அப்படி ஒரு புதன்கிழமை மத்தியானம், வெயிலில் குடை பிடித்துக்கொண்டு பாவாத்தாள் டிரைவிங் ஸ்கூலுக்கு வந்தாள். வலது காலில் ஈரத் துண்டு சுற்றியிருந்தது. துண்டிலிருந்து லேசாக ஆவி எழும்பியது. நாற்காலியில் உட்கார்ந்து, வாசலைத் திரும்பிப் பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினாள்.

"உன்ற அளவுக்கு இல்ல கண்ணு. கொஞ்சந்தான். ஆனா நாளுக்கு நாள் ஏறுது. அவருக்குத் தெரியாது."

"எப்ப இருந்துங்க?"

"அன்னிக்கு அவருக்குச் செருப்பெடுத்துப் போட்டனே, அப்ப இருந்து."

நவமணி துண்டிலிருந்து எழும்புகிற ஆவியைப் பார்த்தாள். "வண்டி ஓட்டத் தெரியுமுங்களா?" என்றாள்.

"தெரியாது."

"அதுக்கென்ன, பழகிக்கலாம். மொதல்ல ஷூ அளவெடுக்கோணும்" என்று கீழே உட்கார்ந்து, ஈரத் துண்டை அவிழ்த்து, பாவாத்தாளின் பாதத்தைச் சுற்றி ஒரு நூலைப் பிடித்தாள். நூல் கருகி இரண்டாக விழுந்தது. பாவாத்தாள் பயந்துபோய்க் காலை உள்ளே இழுத்தாள்.

"நீட்டுங்க, நீட்டியே வெச்சிருங்க" என்றாள் நவமணி, நூலுக்குப் பதில் கம்பி எடுத்து வர உள்ளே போனபடி.